தூணுக்குள் போட்ட உப்பு

நம் பிக்கப் வண்டித் தொட்டியின் பின் இடது தூணில் இருப்பது இரும்பு அல்ல. பட்டி, ஓட்டையை அடைத்துப் பூசும் மாவு. பட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்ட், பெயிண்ட்டின் மேல் மஞ்சள், மஞ்சளின் மேல் நீயே உன் மோதிர விரலால் வைத்த குங்குமம். இத்தனைக்கும் அடியில், ஒரு பெண்ணின் முதுகைத் தாங்க வேண்டிய இடத்தில், ஒன்றும் கிடையாது. இதை உன்னிடம் கேள்வியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு சொல்கிறேன். போனில் சொன்னபோது நீ சிரித்தாய். "எம்மா, நீ இன்னிக்கு வரைக்கும் யாரத்தான் நம்பிக்கீற? பால்காரன் தண்ணி ஊத்துறான்ற, கண்டக்டரு சில்லறைய அமுக்கிக்கினான்ற, இப்ப பெத்த புள்ள மேலயே ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டாய். பால்காரன் தண்ணீர் ஊற்றத்தான் செய்தான். கண்டக்டர் சில்லறையை அமுக்கத்தான் செய்தான். அதைச் சொல்வதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அதனால்தான் உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை நம் தெருக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குரூப்பில் போடுகிறேன். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி. அவசரமாகப் படித்து முடித்துவிட்டு மறந்துபோக வேண்டாம்.

இந்த வண்டி நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்ததை நீ எப்படி வசதியாக மறக்கிறாய் என்று எனக்கும் தெரியும், ஆகவே மறுபடி சொல்கிறேன். நானும் உன் நைனாவும் மாந்தோப்புக் கூலிக்கும் தக்காளி பறிப்புக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில், பலமனேரில் ஒரு தக்காளி வியாபாரி தன் பழைய பிக்கப்பைத் தள்ளிவிடப் பார்த்தார். நைனா லைசென்ஸ் வைத்திருந்தார், ஆனால் அதுவரை ஓட்டியதெல்லாம் மற்றவர்களின் வண்டி. வாங்கினோம். கம்பெனியில் வந்த தொட்டியை எடுத்துவிட்டு, நாலு மூலையிலும் சதுரக் குழாயைத் தூணாக நிறுத்தி, உள்ளூர்ப் பட்டறையில் கட்டிய தொட்டி அதில் இருந்தது. தூண்கள் உள்ளே வெறும் கூடு, மேல் வாய் திறந்தது. பின் கதவின் கொக்கி இடது தூணில்தான் மாட்டும். இதை நினைவில் வைத்துக்கொள், இனி சொல்லப்போவதெல்லாம் அந்தத் தூணைப் பற்றித்தான்.

வண்டி வந்த முதல் நாள் நைனா அதைப் பெரிய தெரு வழியாக ஓட்டிக்கொண்டு வந்தார். நம் தெருவுக்கு வேறு வழியும் கிடையாது. அங்கே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரிய வீட்டுக்காரர், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "இன்னாடா இது, நேத்து வரைக்கும் என் மாட்டுக் கொட்டாயில சாணி வாரிக்கினு இருந்தவன் இன்னிக்கு பிக்கப்புல வரான்? ஆரன் வேற அடிக்கிறான் பாரு." எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த நைனா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "திட்டியிருந்தா கூட பரவால்ல. சிரிச்சிக்கினே சொன்னாரு. சிரிச்சிக்கினே பாக்குற கண்ணுதான் ஆழமா எறங்கும்." அவருக்கு வந்தது பயம். நியாயமாக வந்திருக்க வேண்டியது கோபம். நம் ஜனங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் பயத்தை வரவைப்பதில்தான் அந்தத் தெரு தலைமுறை தலைமுறையாகத் தேர்ச்சி பெற்றிருக்கிறது. கோபம் வந்தவன் திருப்பிக் கேட்பான். பயம் வந்தவன் கடைக்குப் போய்க் கல் உப்பு வாங்கி வருவான்.

வாங்கி வந்தார். மஞ்சள் துணியில் கல் உப்பு, காய்ந்த மிளகாய், ஒரு எலுமிச்சம்பழம். துணியைத் தைத்துக் கொடுத்தவள் நான். ஒரு முடிச்சு டிரைவர் சீட்டுக்கு அடியில். பின்னால் இருந்து பார்க்கிற கண்ணுக்காக இன்னொரு முடிச்சு, இடது பின் தூணின் மேல் வாய் வழியாக உள்ளே. ஒவ்வொரு அமாவாசைக்கும் புது முடிச்சு. சீட்டுக்கு அடியில் இருக்கும் பழையதை எடுத்துத் தண்ணீரில் கரைத்துவிடுவோம். தூணுக்குள் போனதை எடுக்க முடியாது, கை நுழையாது. அதனால் புதியதை அதன் மேலேயே போட்டு, நைனா மண்வெட்டிக் காம்பால் கீழே அழுத்திவிடுவார். அந்தத் தூணுக்குள் எத்தனை அமாவாசை இருக்கிறது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

உப்பு சும்மா இருக்காது. மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு ஜாடியைத் திறந்து பார், காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுக் கசிந்துகொண்டிருக்கும். தூணுக்குள்ளும் அதேதான் நடந்தது. வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே நனைந்தே இருந்தது. பெயிண்ட் வெளியில்தானே இருக்கிறது, உள்பக்கம் வெறும் இரும்பு. ஐப்பசி மழையில் தூணின் அடியிலிருந்து சிவப்பாக நீர் வடிந்தது. நைனா அதைத் தொட்டுப் பார்த்து, "நேத்து வச்ச குங்குமம் கரைஞ்சி வருது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரும்பு கரைந்து வந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அதே இடத்தில் மறுபடியும் குங்குமம் வைத்தோம். பெரிய தெருக்காரரின் கண் அந்த வண்டியை ஒன்றும் செய்யவில்லை. அவருக்குப் பயந்து நாங்கள் போட்டதுதான் தின்றது.

முதலில் தெரிந்தது சீட்டுக்கு அடியில்தான். நீ காலேஜில் இருந்தாய். நைனா பிரேக்கை மிதிக்கும்போது செருப்புக்குக் கீழே தகடு அமுங்குகிறது என்றார். ரப்பர் பாயைத் தூக்கிப் பார்த்தால் கேபின் தரையில் ஓட்டை, அதன் வழியாக ரோடு ஓடுவது தெரிகிறது. பாய்க்கு அடியில் தேங்கிய தண்ணீர், அதோடு உப்பு. சித்தூரில் டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோனோம். நான் கூடவே நின்றேன், ஏனென்றால் நான் யாரையும் நம்புவதில்லை, அது உனக்குத் தெரியும். கிரைண்டரை வைத்து, துரு போய் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்தார்கள். தேய்த்துப் பார்த்தால் ஓட்டை இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது. துரு எப்போதும் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமாகத்தான் பரவியிருக்கும், அதனால் நல்ல இரும்பு வரும் இடம் வரை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார்கள். மேல்பக்கம் மட்டும் பிரைமர் அடிக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை. "கீழ யாரு அடிப்பா, உங்க மாமியாரா?" என்று கேட்டேன். கீழேயும் அடித்தார்கள். ஒட்டுப்போட்ட விளிம்பில் தண்ணீர் புகாமல் பசை இழுத்தார்கள். எல்லாம் காய்ந்த பிறகுதான் பெயிண்ட். அந்தத் தரை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நீ போய் மிதித்துப் பார்க்கலாம். சீட்டு முடிச்சை அன்றைக்கே தூக்கி எறிந்தோம். தூணில் போடுவதையும் நிறுத்தினோம். ஆனால் உள்ளே கிடந்ததை யாரும் எடுக்கவில்லை. தூண் வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தானே இருந்தது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ திருப்பதியில் பழைய வண்டி வாங்கி விற்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாய். வெயிலில் வரிசையாகக் கார்கள், எல்லாம் புதிது போல மின்னின. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சட்டையை பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு என் பிள்ளை ஏசி ரூமிலிருந்து வெளியே வருகிறான் என்றால் எந்த அம்மாவுக்குத்தான் இருக்காது? ஒரு காரைக் காட்டி, "இது போன வாரம் வரும்போது எப்டி இருந்தது தெரியுமாம்மா, குப்ப" என்றாய். எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டேன். நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "வாங்க வர்றவன் கண்ணு எங்க போவுதோ அங்க மட்டும் வேல செஞ்சா போதும்மா. கீழ குனிஞ்சி எவன் பாக்குறான்?" உன் முதலாளி கற்றுக்கொடுத்தாராம். அன்றைக்கு நான் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்தப் பேச்சைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். யார் குனிந்து பார்ப்பதில்லை? குனிந்து பார்க்கத் தெரியாதவன், பார்க்க நேரமில்லாதவன், பார்த்தால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்படுகிறவன். அதாவது நம்மைப் போன்றவன். காசுக்காரன் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து குனிய வைப்பான். உன் முதலாளியின் பிழைப்பு முழுவதும் நம் ஜனங்களின் கூச்சத்தின் மேல் நிற்கிறது. நீ அதில் சம்பளம் வாங்குகிறாய். அதற்காக உன்னைத் திட்டவில்லை, எல்லோரும் எங்கேயோ வாங்கித்தான் தின்கிறோம். அந்த வித்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாயே, அதற்குத்தான் திட்டுகிறேன்.

நைனாவுக்குக் கண்ணில் புரை விழுந்து வண்டி ஓட்ட முடியாமல் போனதும், காஞ்சனா வண்டியைக் கேட்டாள். நம் முனியம்மாவின் மகள். தானே லைசென்ஸ் எடுத்தவள். தோட்டத்துக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டுபோகும் மேஸ்திரி வேலையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவளும் அவள்தான். நன்றாகச் செய்கிறாள், என்னைவிடக் குறைவாகக் கத்துகிறாள். உனக்கும் கல்யாணம் வருகிறது, பழைய வண்டி வாசலில் நின்றால் பெண் வீட்டார் பார்வைக்குக் கேவலம் என்று உனக்கு. "காஞ்சனாவுக்கே குடுத்துடலாம்மா, நானே பாடி வேல பாத்துத் தரேன்" என்றாய். நான் சந்தோஷப்பட்டேன். பார், நான் நம்பினேன். யாரையும் நம்பாதவள் என்று சொன்னாயே, அந்த ஒரு தடவை நம்பினேன். சித்தூருக்கு நீதான் எடுத்துப் போனாய், நான் கூட வரவில்லை.

வண்டி திரும்பி வந்தபோது தெருவே வந்து பார்த்தது. கேபின் கதவு இரண்டுக்கும் அடியில் புதுத் தகடு. கதவைத் தட்டினால் கணீர் என்கிறது. கதவுக்குக் கீழே தண்ணீர் வெளியேறும் சின்ன ஓட்டைகள் சுத்தமாகத் திறந்திருந்தன. நல்ல வேலை. எவரும் குறை சொல்ல முடியாது. நான் பின்னால் போனேன். தொட்டியின் தரை வெள்ளையாக இருந்தது, தூண்கள் வெள்ளையாக இருந்தன. இடது பின் தூணைத் தட்டினேன். கணீர் என்று வரவில்லை. சுரைக்காயைத் தட்டினால் வருமே, அப்படி ஒரு சத்தம். வலது தூணைத் தட்டினேன், இரும்பு பேசியது. மறுபடி இடது. மறுபடி சுரைக்காய். தூணின் வாயைப் பார்த்தேன், மேலே ஒரு தகட்டை வைத்து மூடிப் பெயிண்ட் அடித்திருந்தது. யார் மூடச் சொன்னது? உள்ளே என்ன இருக்கிறது என்று நம் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் சித்தூர் கடைக்கு வண்டியை எடுத்துப் போனவன் நீ ஒருவன்.

உன் கல்யாண மண்டபம் பார்க்கத் திருச்சானூர் போனபோது, கோயில் கடையில் நான் ஒரு பெருமாள் பொம்மை வாங்கினேனே, பின்னால் காந்தம் வைத்தது, பிரிட்ஜில் ஒட்டுவது. நம் வீட்டில் பிரிட்ஜ் இல்லை, எதுக்கும்மா இது என்று கேட்டாய். அதைக் கொண்டுவந்து வண்டியில் வைத்துப் பார்த்தேன். கேபினில் ஒட்டியது. வலது தூணில் ஒட்டியது. இடது தூணின் மேல்பகுதியிலும் ஒட்டியது. கொக்கி மாட்டும் இடத்தில் வைத்தேன், பெருமாள் வழுக்கிக்கொண்டு மண்ணில் விழுந்தார். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தார். உன் நைனா புரை விழுந்த கண்ணோடு ஓடி வந்தார். "அடியே, சாமிய மண்ணுல போட்டுக்கினு இன்னா வெளையாட்டு இது? புள்ளைக்குக் கல்யாணம் வச்சிக்கீது!"

"நான் எங்க போட்டேன்? அவரே நிக்க மாட்டேன்றாரு. நீ வச்சிப் பாரு."

அவர் வைத்துப் பார்க்கவில்லை. வைத்தால் விழும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. "பெயிண்ட்டுல கீறல் வுழப் போவுது, உள்ள வா" என்று மட்டும் சொன்னார். அவர்மேலும் எனக்குச் சந்தேகம்தான். நீ அவரிடம் முதலிலேயே சொல்லியிருப்பாய். நீ போனில் சொன்ன இன்னொரு பதிலும் ஞாபகம் இருக்கிறது, அது மட்டமான காந்தம் என்று. மட்டமான காந்தம் வலது தூணில் மட்டும் எப்படி உயர்ந்த காந்தமாகிறது?

மறுநாளே பஸ் ஏறிச் சித்தூர் போனேன். டிங்கர் என்னைப் பார்த்தும் கிரைண்டரை நிறுத்தவில்லை. நான் அதன் ஒயரைப் பிடுங்கினேன். "தூணுல இன்னா பண்ண?" என்று கேட்டேன்.

"நாக்கேம் தெலுசு அக்கா? எனக்கு இன்னா தெரியும், தம்பி சொன்னதத்தான் செஞ்சேன். வெட்டிட்டு வேற பைப்பு வச்சிடலாம், ஒரு நாளு கூட ஆவும்னேன். கேபின நல்லா பண்ணு, தொட்டிக்குப் பட்டி போதும்னுட்டான்."

"அவன் சொன்னா நீ பூசிடுவியா? நாளைக்கு பிரேக்குல பட்டி பூசுன்னா பூசுவியா?"

"நான் வேலக்காரன் அக்கா. எங்கிட்ட இன்னாத்துக்கு சண்ட?"

அவனையும் நான் முழுதாக நம்பவில்லை. பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் சோம்பேறித்தனத்தை உன் தலையில் கட்டுகிறானோ என்னவோ. நீ கேட்டால் அவன்தான் ஏமாற்றினான் என்பாய். இரண்டு பேரில் ஒருவன் பொய் சொல்கிறான். யார் என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அவன் ஏமாற்றியிருந்தாலும் தூணை வெட்டித்தான் மாற்ற வேண்டும், நீ சொல்லியிருந்தாலும் வெட்டித்தான் மாற்ற வேண்டும். ஆனால் அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை கற்பனையில் வருவது அல்ல. கேபின நல்லா பண்ணு, தொட்டிக்குப் பட்டி போதும். ஓட்டுகிறவன் உட்காரும் இடத்துக்கு வெல்டிங், கூலிக்காரிகள் உட்காரும் இடத்துக்குப் பட்டி. பெரிய தெருக்காரர் கூட இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

தொட்டியில் யார் உட்காருகிறார்கள் என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? சரக்கு ஏற்றும் வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று போலீஸ் நிறுத்துவது எனக்கும் தெரியும். வெயில் ஏறுவதற்குள் மாந்தோப்பில் இறங்க வேண்டியவர்களுக்கு அந்த நேரத்தில் எந்த பஸ்ஸும் கிடையாது என்பதைப் பற்றி எந்தப் போலீஸும் எவரையும் நிறுத்திக் கேட்டதில்லை. சாயங்காலம் வரும் பஸ்ஸிலும் மாம்பால் பட்ட புடவையோடு ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால் தொட்டியில் போகிறோம். கடைசியாக ஏறுகிறவர்கள் பின் கதவில் முதுகைச் சாய்த்து உட்காருவார்கள். ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டில் ஏறும்போது எல்லோர் பாரமும் சேர்ந்து அந்தக் கதவின் மேல்தான் விழும். அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு கொக்கி. கொக்கியைப் பிடித்துக்கொண்டிருப்பது உன் பட்டி. அந்த இடது மூலையில் எப்போதும் முனியம்மாதான். வண்டி குலுங்கினால் அவளுக்கு வாந்தி வரும். "எனக்கு அந்த மூலைய வுட்டுடுங்கடி, காத்து வந்தாத்தான் துன்னது உள்ள நிக்கும்" என்பாள். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்த மாதத்தில் உனக்குச் சோறு ஊட்டியவள். ஊட்டாதவளாக இருந்தாலும் நான் இதைத்தான் எழுதியிருப்பேன்.

இதையெல்லாம் நேராகப் போய்க் காஞ்சனாவிடமே சொல்லக்கூடாதா என்று யாராவது கேட்பார்கள். சொன்னேன். வண்டி அவள் வாசலுக்குப் போன அன்றே சொன்னேன். அவள் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, டயருக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பெரிம்மா, தப்பா நெனைக்காத. வண்டி கைய வுட்டுப் போவுதேன்னு உனக்கு மனசு கேக்கல. மேஸ்திரி வேலையும் எங்கிட்ட வந்துடுச்சி. அதுக்காக அண்ணன் மேல ஏன் பழி போடுற? அண்ணன் திருப்பதில பெரிய எடத்துல இதே வேலதான் பாக்குது. அதுக்குத் தெரியாதா?"

பேசிவிட்டு அவள் என்ன செய்தாள் தெரியுமா? நான் வாசலைத் தாண்டியதும் உள்ளேயிருந்து ஒரு கை கல் உப்பை எடுத்து வந்து வண்டியைச் சுற்றினாள். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். என் கண்ணுக்காகச் சுற்றினாள். பெரிய தெருக்காரருக்குப் பயந்து நாங்கள் எடுத்த உப்பை இப்போது என் சொந்தத் தெருவில் என் மகள் மாதிரி ஒருத்தி எனக்குச் சுற்றுகிறாள். அந்த உப்பை அவள் எங்கே போட்டாள் என்று நான் பார்க்கவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி பொறாமைப்படுவாள் என்று நம்புவது எங்களுக்குச் சுலபம். சட்டையை உள்ளே விட்ட நம் பிள்ளை ஏமாற்றுவான் என்று நம்புவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை நான் பட்டுவிட்டேன். அவள் படமாட்டாள். நீ வந்து சொன்னால்தான் கேட்பாள்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்த புத்தி இந்த வண்டிதான். தக்காளி ஏற்றி இறக்கினால் அன்றைக்கே தொட்டியைக் கழுவு, அழுகிய சாறும் உர மூட்டைத் தூளும் இரும்பைத் தின்னும். கழுவிய பிறகு பின் கதவைத் திறந்துவிட்டு, வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்து, தண்ணீர் தானாக ஓடிவிடும். ரப்பர் பாயை வாரத்துக்கு ஒரு தடவையாவது தூக்கி வெயிலில் போடு. மஞ்சளும் குங்குமமும் கண்ணாடியில் வை, தகட்டில் பூசாதே, பூவைக் கதவு இடுக்கில் செருகாதே, அது அழுகிக் கீழே இறங்கித் தண்ணீர் போகும் ஓட்டையை அடைக்கும். மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை வண்டிக்குக் கீழே படுத்துப் பார். பெயிண்ட் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தால் கீறிவிட்டுத் தேய், சின்னதாக இருக்கும்போதே தேய், இரும்பு தெரிந்ததும் பிரைமர் அடி. ஈரத்தின் மேல் கறுப்புத் தார் பூசி மூடினால் வெளியே அழகாக இருக்கும், உள்ளே இன்னும் வேகமாகப் போகும். கூடாக இருக்கும் இடத்தை மேலே மூடாதே, காற்றுப் போக விடு, உள்ளே எண்ணெய் ஊற்று. இவ்வளவுதான். உன்னோடு வாழ வரும் பெண்ணிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தனியாகச் சொல்லத் தெரியவில்லை. உன் நைனாவும் நானும் ஒருவரிடம் ஒருவர் மறைத்த இடங்களில் எல்லாம் இதே மாதிரிதான் கொப்புளித்தது.

உன்னை நான் தெருவில் வைத்து அவமானப்படுத்துகிறேன் என்று நினைப்பாய். பெண் வீட்டார் காதுக்குப் போகும் என்று பயப்படுவாய். போகட்டும். முனியம்மா ரோட்டில் கிடந்தால் அதுவும் அவர்கள் காதுக்குப் போகும். சித்தூருக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய், அந்தத் தூணை அடியோடு வெட்டி எடுத்து, உள்ளே கிடக்கும் உப்பையெல்லாம் கொட்டிக் கழுவிவிட்டு, புதுக் குழாய் வைத்துக் கொண்டுவருவது ஒரு நாள் வேலை, கூட ஒரு நாள் காய விடலாம். உன் முதலாளியிடம் லீவு கேட்கக் கூச்சமாக இருந்தால் அம்மா செத்துப்போனாள் என்று சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

திங்கட்கிழமை காஞ்சனா முதல் முதலாக அந்த வண்டியில் பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறாள். நானும் போகிறேன். அன்றைக்கு முனியம்மாவை எழுப்பி நடுவில் உட்கார வைத்துவிட்டு, இடது மூலையில் நான் உட்காருவேன். கொக்கிக்குப் பக்கத்தில், உன் குங்குமத்தில் முதுகை வைத்து. நீ செய்த வேலையின் மேல் சாய்ந்துகொள்ள உன் அம்மாவுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு? அதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வா. காஞ்சனா பார்க்க, முனியம்மா பார்க்க, நைனாவின் கையையும் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, கொக்கிக்குக் கீழே ஒரு குத்து குத்து. உள்ளே போகவில்லை என்றால் நான் பொய்க்காரி, உன் கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

வர முடியாவிட்டால் ஒரு வரி எழுது. குரூப்பில் நீ படித்துவிட்டாய் என்று உன் பெயர் காட்டும், நான் பார்ப்பேன். அந்தத் தூணில் நான் சாயலாமா, கூடாதா? சொல்.